பம்புத் தண்ணீரில் விழுந்த கடுக்காய்

கள்ளக்குறிச்சி வட்டம்,
தென் ஆற்காடு மாவட்டம்.
9.11.1986, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை அமிர்தம் எழுதிக்கொள்வது. நீ சிதம்பரம் போய்ச் சேர்ந்ததாகப் போட்ட கார்டு கிடைத்தது. அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசி என்றாள். நீ எழுதியிருந்ததே நான்கு வரி. அதனால் இரண்டாம் தடவை நானே கொஞ்சம் சேர்த்து வாசித்தேன். விடுதியில் தினமும் மோர் ஊற்றுகிறார்கள் என்று உன் சார்பில் சொல்லிவிட்டேன். அடுத்த கடிதத்தில் மறக்காமல் மோரைப் பற்றி எழுது.

அப்பா கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போயிருக்கிறார். அம்மா வழக்கம்போல மண்டியில் கடுக்காய் உடைக்கப் போகிறாள். இந்த வருஷம் மலையில் காய்ப்பு ஜாஸ்தி. கரியாலூரிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. நான் பிளஸ் ஒன்னில் வேதியியலில் முதல் மார்க். இதை அம்மாவிடம் சொன்னதற்கு, உங்க அக்காவும் இப்படித்தான் வாங்கினாள் என்றாள். ஆகவே அந்தப் பெருமையும் உன் கணக்கில் போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளி முடிந்து நீ பஸ் ஏறும்போது என் காதில் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வரும்போது பெட்டியோடு வந்துவிடுவேன், அப்புறம் போகமாட்டேன் என்றாயே, அதைத்தான் சொல்கிறேன். வகுப்பில் எல்லாம் இங்கிலீஷாக ஓடுகிறது, பாதி காதில் விழுவதற்குள் மீதி போய்விடுகிறது என்றாய். புரியாதவர்கள் நூலகத்தில் போய்ப் படிக்கலாம் என்று பேராசிரியர் சொன்னதாகவும், நீ அதன் வாசல் வரைக்கும் போய், உள்ளே போகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகவும் சொன்னாய்.

அக்கா, எங்கள் பள்ளிக்கூடத்து நூலகம் ஒரு பீரோ. உனக்கே தெரியும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று நீ படித்த காலத்திலும் யாருக்கும் தெரியாது, இப்போதும் தெரியாது. கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகை மட்டும் படித்துப் படித்து எனக்கு எல்லாத் தலைப்பும் மனப்பாடம். ஒரு கட்டடம் நிறையப் புத்தகம் இருந்து, கதவும் திறந்திருந்து, என் அக்கா வாசலோடு திரும்பினாள் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் உன்னைத் திட்டவில்லை. ஆனால் உன்னை உள்ளே அனுப்ப எனக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. நம் தெருவே அந்தக் காரணத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நம் தெருவில் பஞ்சாயத்து யூனியனிலிருந்து போட்ட புது அடிபம்பை நீ தீபாவளிக்குப் பார்த்தாய் அல்லவா? பொன்னுரங்கம் மாமா காட்டுக் கிணற்றில் மோட்டார் ஓடுகிற நேரம் பார்த்துக் குடத்தோடு காத்துக் கிடந்த காலம் முடிந்தது என்று அம்மா பம்புக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாளே, அதே பம்புதான். தண்ணீர் வரும்போது தெளிவாக வருகிறது. குடத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மேலே செம்மண் நிறத்தில் ஒரு ஆடை கட்டுகிறது. வாயில் வைத்தால் லேசாக ஆணியை நக்கின மாதிரி ருசி. கலங்கல் தண்ணீர் என்றால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? கடுக்காயைத் தட்டிப் போட்டால் தெளியும் என்று அம்மா மண்டியிலிருந்து ஒரு கை அள்ளி வந்து குடத்தில் போட்டாள். காலையில் பார்த்தால் குடம் நிறைய மை! நாவற்பழத்தைக் கசக்கிப் பிழிந்த மாதிரி ஊதாக் கறுப்பு.

ராஜாம்பாள் அத்தைதான் முதலில் எட்டிப் பார்த்தது. "இன்னாடி ரங்கம்மா இது, தண்ணியா, ரோட்டுத் தாரா? இத்தயா எம் பேத்திக்குக் குடுத்துக்கினு இருந்தேன்?" என்று அது போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. எல்லார் வீட்டிலும் கடுக்காய் இருக்கிறதே, எல்லாரும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாக் குடமும் கறுத்தது. அத்தையின் பேத்திக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லாமல் இருந்ததும் இதனால்தான் என்று முடிவாகிவிட்டது. அய்யனார் குதிரைக்குப் பக்கத்தில் துளை போட்டதால் சாமிக் குற்றம் என்கிறார்கள் சிலர். பூமிக்குள் விஷம் என்கிறார்கள் சிலர். இப்போது ஒருவரும் பம்பைத் தொடுவதில்லை. திரும்பவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு நடக்கிறோம். பொன்னுரங்கம் மாமா வரப்பில் நின்றுகொண்டு, "இன்னா ரங்கம்மா, ஒங்க பம்பு மை கக்குதாமே! பள்ளிக்கூடத்துக்குச் சப்ளை பண்ணலாம் போலருக்குதே" என்று சிரித்தார். அம்மா தலையை ஆட்டிவிட்டுக் குடத்தை நிரப்பினாள். அவர் மோட்டார் அல்லவா.

யூனியன் ஓவர்சியர் தனசேகரன் வந்து பார்த்தார். நீங்கள் குடிக்காத பம்பு இங்கே எதற்கு, வருஷம் முடிவதற்குள் கழற்றிக்கொண்டு போய்க் கேட்கிற ஊருக்குப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, தண்ணீர் ஏன் கறுக்கிறது? நீ வேதியியல் படிக்கிற பெண். வகுப்பில் இதைச் சொல்லித்தரமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் எங்கேயோ ஒரு புத்தகத்தில் இது இருக்கத்தான் வேண்டும். கள்ளக்குறிச்சிக் கிளை நூலகத்தில் இருக்கிறவரிடம் போய்க் கேட்டேன். அவரிடம் இருப்பது பொது அறிவுப் புத்தகங்கள்தான். ஆனால் பெரிய நூலகம் எப்படி இருக்கும் என்று விவரமாகச் சொன்னார். உள்ளே நுழைந்ததும் சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த ஒரு அலமாரி இருக்குமாம். அதில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்குமாம். எழுதியவர் பெயரில் ஒன்று, புத்தகத்தின் பெயரில் ஒன்று, பொருளின் பெயரில் ஒன்று. உனக்கு எழுதியவரும் தெரியாது, புத்தகமும் தெரியாது. ஆகவே பொருளின் இழுப்பறையைத் திற. அட்டையின் மூலையில் இருக்கிற எண்தான் புத்தகத்தின் வீட்டு விலாசம் என்றார்.

நான் வந்தால் ஓடிப்போய்த் திறப்பேன். எனக்குப் பதிலாக நீ போ. பயமாக இருந்தால், அமிர்தம் அனுப்பினாள் என்று மனதில் சொல்லிக்கொண்டு போ.

இப்படிக்கு,
பதிலுக்காகத் தபால்காரரைத் தினமும் தொல்லை செய்யும்
அமிர்தம்


23.11.1986, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கண்டக்டர் திட்டினார். எனக்குக் கோபமே வரவில்லை. நீ உள்ளே போய்விட்டாய்!

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுப் போனாய் என்று படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று தோன்றியது. அவ்வளவு பெரிய வாசல், அவ்வளவு அமைதி, உள்ளே எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் செருப்போடு போகத் தோன்றும்? பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடந்தது ஜில்லென்று இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். இந்தத் தடவை எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் உன் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது என்றும், அது கரியாலூர்ப் பெண் குஞ்சம்மாளுடையது என்றும் எழுதியிருக்கிறாய். தாவரவியல் முதல் வருஷம். அவளும் உன்னைப் போலவே வந்து ஐந்து மாதமாக யாரோடும் பேசாமல் இருந்தாளாமே. மலையிலிருந்து ஒருத்தி, மலையடிவாரத்திலிருந்து ஒருத்தி, இரண்டு பேரும் சிதம்பரத்தில் வெறுங்காலோடு சந்தித்துக்கொண்டீர்கள். அவள் வீட்டில் பொறுக்குகிற கடுக்காயைத்தான் அம்மா இங்கே உடைக்கிறாளோ என்னவோ. அம்மா இதைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணையும் பொங்கலுக்கு அழைத்து வரச் சொன்னாள்.

இனி உன் பதில். இழுப்பறையில் "கறுப்பு" என்று தேடியதாகவும், பிறகு "விஷத் தண்ணீர்" என்று தேடியதாகவும், கடைசியில் ஒரு புத்தகத்தில் ஈயமும் கந்தகமும் சேர்ந்தால் கறுக்கும் என்று பார்த்ததாகவும் எழுதியிருக்கிறாய். அப்படி இருந்தால் அழுகின முட்டை நாற்றம் வருமா என்று முகர்ந்து பார்க்கச் சொன்னாய். குடத்துக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். எதிர்வீட்டுப் பச்சையம்மாளின் குடம், அத்தை வீட்டுக் குடம் எல்லாவற்றையும் முகர்ந்தேன். "இன்னாடி, பன்னிக்குட்டியாட்டம் ஒவ்வொரு வூட்டுக் குடத்துலயும் மூஞ்ச வுட்டுக்கினு இருக்குற?" என்று அத்தை கேட்டது. முட்டை நாற்றம் இல்லை. கடுக்காய் வாசனைதான்.

அதனால் அது இல்லை என்று நினைக்கிறேன். புத்தகம் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. அது வேறு கறுப்பைப் பற்றிச் சொல்கிறது. நாம் கேள்வியைத்தான் சரியாகக் கேட்கவில்லை. ஆகவே நான் செய்து பார்த்ததையெல்லாம் எழுதுகிறேன், கவனமாகப் படி.

பம்புத் தண்ணீரைக் கடுக்காய் போடாமல் வைத்தேன். சிவப்பு ஆடை கட்டியது, கறுக்கவில்லை. மோட்டார் தண்ணீரில் கடுக்காய் போட்டு வைத்தேன். டிகாக்‌ஷன் மாதிரி மஞ்சளானது, கறுக்கவில்லை. பம்புத் தண்ணீரையும் கடுக்காயையும் சேர்த்தால்தான் கறுப்பு. அப்படியானால் தண்ணீரில் ஒன்று இருக்கிறது, கடுக்காயில் ஒன்று இருக்கிறது, இரண்டும் கைகோத்தால் கறுக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். மண்டியில் வேலை செய்கிற பெண்கள் எல்லாருடைய உள்ளங்கையும் வருஷக்கணக்காகக் கறுப்பாகத்தானே இருக்கிறது? அம்மா கையும் அப்படித்தான். பம்பு போன மாதம்தான் வந்தது. அப்படியென்றால் இந்தக் கறுப்பு புதிது இல்லை.

ஆகவே நீ கறுப்பைத் தேடாதே. கடுக்காயைத் தேடு. கடுக்காய்க்குள் என்ன இருக்கிறது? அது எதனோடு சேர்ந்தால் கறுக்கும்? இழுப்பறையில் கடுக்காய் என்ற பெயரில் அட்டை இருக்காது. அதற்குப் புத்தகத்துப் பெயர் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்க உன்னிடம் குஞ்சம்மாள் இருக்கிறாள். அவள் காட்டு மரம், அவள் பாடம்.

சீக்கிரம் பார் அக்கா. ஓவர்சியர் அடுத்த மாதம் நடுவில் லாரியோடு வருகிறாராம். பொன்னுரங்கம் மாமா காட்டில் மோட்டார் ஓடும் நேரமும் கம்மியாகிவிட்டது. நேற்று அம்மா காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். வரும் வழியில் பம்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதன் மேல் உட்கார்ந்திருந்த காக்கையை விரட்டிவிட்டு வந்தாள்.

புரியாத இங்கிலீஷை அப்படியே எழுதி அனுப்பினாலும் பரவாயில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உடைப்போம்.

இப்படிக்கு,
ஒவ்வொரு குடத்தையும் முகர்ந்து பார்த்த
உன் தங்கை அமிர்தம்


28.12.1986, ஞாயிறு

என் பெருமைக்குரிய அக்கா பெரியநாயகிக்கு,

அமிர்தம் சந்தோஷத்தோடு எழுதுவது. "பிழைத்தோம், விவரம் பின்னால்" என்று போட்ட கார்டு கிடைத்திருக்கும். அரைப் பரீட்சை வந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது உட்கார்ந்துவிட்டேன். எழுத்து வெளிறித் தெரிந்தால் என்னைக் கோபிக்காதே. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் கனமான கவர் வந்த அன்று தெருவே வீட்டில் இருந்தது. முத்திரையைப் பார்த்துவிட்டுத் தபால்காரரே, "சிதம்பரத்திலேர்ந்து தீர்ப்பு வந்துடுச்சு" என்றார். உள்ளே இரண்டு தாள் நிறைய உன் கையெழுத்து. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் உன் தமிழ். ஒவ்வொன்றின் கீழும் புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், பக்க எண். படித்துக்கொண்டே போகப் போக எனக்கு நானே அந்த அலமாரிகளுக்கு நடுவில் நடக்கிற மாதிரி இருந்தது.

தாவரவியல் வரிசையில் குஞ்சம்மாள் தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்து, தமிழ்நாட்டு மரங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்து, படத்தில் இருந்த காயைப் பார்த்ததும் "இதுதான்" என்று கத்தியதையும், எல்லாரும் திரும்பிப் பார்த்ததையும் எழுதியிருக்கிறாய். டெர்மினாலியா செபுலா. நம் அம்மா சுத்தியலால் உடைக்கிற காய்க்கு இப்படி ஒரு ராஜகுமாரி பெயர்! அந்தப் பெயரோடு நீங்கள் கலைக்களஞ்சிய வரிசைக்குப் போனீர்கள். எல்லாத் தொகுதியையும் புரட்ட வேண்டாம், கடைசித் தொகுதி முழுக்கச் சொல்லடைவுதான், அதில் பார்த்தால் போதும் என்று மேசையில் இருந்த நூலகக்கார அம்மா சுட்டிக் காட்டினார். அது உங்களை டானின், அதாவது கடுக்காயின் துவர்ப்புச் சத்து, என்ற இடத்துக்கு அனுப்பியது. டானின் என்று இழுப்பறையில் தேடினால் "மை" என்பதையும் காண்க என்று ஓர் அட்டை இருந்தது. அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஓர் அட்டை இன்னோர் அட்டையைக் கூப்பிடுகிறது! கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் அப்படித்தான் மை காய்ச்சினார்கள், துணிக்குக் கறுப்புச் சாயமும் அப்படித்தான் போட்டார்கள்.

இரும்பு! பம்புத் தண்ணீரில் ஆணி ருசி என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நாக்குக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியவில்லை.

நீ அதோடு நிறுத்தவில்லை. ஒரு புத்தகம் சொன்னால் போதாது என்று வேதியியல் வரிசையில் இன்னொன்றில் சரிபார்த்திருக்கிறாய். இரும்பு இருக்கிறதா என்று சோதிக்கும் வழியைப் பகுப்பாய்வுப் புத்தகத்திலிருந்து எழுதினாய். தண்ணீரிலிருந்து இரும்பைப் பிரிக்கும் வழிக்காகப் பொறியியல் பக்கத்துக்கே போய்விட்டாய். ஐந்து மாதம் வாசலில் நின்ற பெண்!

முதலில் எங்கள் வேதியியல் ஆசிரியர் காசிநாதன் சாரிடம் உன் தாளைக் காட்டினேன். முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்தார். பிறகு ஆய்வகத்தைத் திறந்து, நான் சீசாவில் கொண்டுபோன பம்புத் தண்ணீரை அடி மண்டியோடு குலுக்கச் சொல்லி, ஒரு சொட்டு அமிலம் விட்டு, இரும்பு இருந்தால் சிவக்கும் என்று நீ எழுதிய தயோசயனேட் கரைசலை என் கையாலேயே விடச் சொன்னார். ரத்தச் சிவப்பு, அக்கா. சோதனைக் குழாய் முழுக்க. மோட்டார் தண்ணீரில் விட்டோம், ஒன்றும் இல்லை. "உங்க அக்கா எங்கிட்ட படிச்சப்ப ஒரு கேள்வியும் கேட்டதே இல்லியே. இப்ப இன்னா ஆச்சு அதுக்கு?" என்று சார் கேட்டார். நூலகத்துக்குப் போகிறது சார் என்றேன்.

ஓவர்சியர் வந்த அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. லாரியில் குழாயைத் தூக்கும் இரும்பு முக்காலியும் சங்கிலியும் வந்துவிட்டன. பம்பைப் பிடுங்க ஆட்கள் இறங்கிவிட்டார்கள். தெரு மொத்தமும் நின்றது. பொன்னுரங்கம் மாமாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நான் பக்கத்தில் போய், ஐயா, கழற்றுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் பாருங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா பின்னாலிருந்து, "சத்தமா சொல்லு, இன்னா பயம்?" என்றாள்.

கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தேன். முதலில் பம்புத் தண்ணீரில் கடுக்காய்ப் பொடியைப் போட்டேன். கறுத்தது. "அதான் தெரியுமே" என்றார்கள். அடுத்து மோட்டார் தண்ணீரில் போட்டேன். மஞ்சள். பொன்னுரங்கம் மாமா மீசையைத் தடவிக்கொண்டு, "எங் கெணத்துத் தண்ணி தங்கமாச்சே" என்றார். மூன்றாவது டம்ளரிலும் அவருடைய தண்ணீரேதான். ஆனால் அதில் துருப்பிடித்த ஆணிகளைக் கொஞ்சம் புளியோடு முந்தின நாளே ஊறப்போட்டு வடித்து வைத்திருந்தேன். எல்லாரும் பார்க்கக் கடுக்காய்ப் பொடியைப் போட்டேன். குப்பென்று கறுத்துவிட்டது, பம்புத் தண்ணீரைவிடவும்.

எல்லாரும் டம்ளரைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு ராஜாம்பாள் அத்தை, "அப்ப ஒங்க தண்ணியும் வெசமா மாமா?" என்று கேட்டதே பார்! தெருவே சிரித்தது. மாமா, "ஏய், ஆணி போட்டுட்டா அந்தப் பொண்ணு" என்று கத்தினார். அதைத்தான் மாமா நானும் சொல்கிறேன், பம்புத் தண்ணீரில் பூமியே ஆணி போட்டிருக்கிறது, கறுப்பு விஷத்தால் இல்லை, இரும்பால் என்றேன். எப்படி வந்தது அந்தத் தைரியம் என்று தெரியவில்லை. உன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததால் இருக்கும்.

கடைசி டம்ளர். பம்புத் தண்ணீரையே முந்தின நாள் டீ ஆற்றுகிற மாதிரி குடத்துக்குக் குடம் உயரத் தூக்கி ஊற்றி, அப்படியே வைத்து, சிவப்பு மண்டி அடியில் தங்கியதும், மணலும் கரியும் போட்ட பானை வழியாக வடித்து வைத்திருந்தேன். நீ எழுதிய முறையேதான், ஒன்றும் மாற்றவில்லை. அதிலும் பொடியைப் போட்டேன். மஞ்சளாகவே இருந்தது. அக்கா, மஞ்சளாகவே இருந்தது!

ஓவர்சியர் குனிந்து பார்த்தார். உன் தாளை வாங்கிப் படித்தார். "பக்க எண்கூடப் போட்டிருக்குதே. யாரும்மா இத எழுதனது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்து, "எம் பெரிய பொண்ணு பெரியநாயகி. சிதம்பரத்துல கெமிஸ்ட்ரி படிச்சுக்கினு இருக்குதுங்க" என்றாள். கெமிஸ்ட்ரி என்ற சொல்லை அம்மா எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. நானும் சொல்லித்தரவில்லை.

இதை வைத்து மட்டும் குடிக்கச் சொல்ல முடியாது, தண்ணீரை அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி முடிவு வரட்டும், அதுவரை பம்பைத் தொடமாட்டேன் என்று ஓவர்சியர் சொன்னார். லாரி காலியாகத் திரும்பியது. நேற்று முன்தினம் அவரே வந்து முடிவைச் சொன்னார். இரும்பு அதிகம், வேறு கெடுதல் ஒன்றும் இல்லை, வடிகட்டிக் குடிக்கலாம். பம்புக்குப் பக்கத்தில் மணல் தொட்டி ஒன்று கட்டித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அம்மா வடித்த தண்ணீரை ஒரு செம்பு முழுக்க எல்லார் முன்னாலும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "கல்கண்டு" என்றாள். அத்தை தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் குடம் பிடித்தது. பொன்னுரங்கம் மாமா மறுநாள் வழியில் நிறுத்தி, தன் பேரனுக்கும் ஒரு பாட்டில் மை வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்துக்குத்தான் சப்ளை மாமா என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. எலுமிச்சம்பழச் சாறு இந்தக் கறுப்பை எடுக்கும் என்று ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாயே, அதை அம்மாவின் கையில் தேய்த்தேன். இரும்புச் சுத்தியலால் கடுக்காய் உடைப்பதால்தான் கை கறுக்கிறது என்று இப்போது நமக்குத் தெரியுமே. தேய்க்கத் தேய்க்க உள்ளங்கையில் ரேகைகள் வந்தன. அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கல்யாணத்தப்ப இப்படி இருந்தது" என்றாள். மறுநாள் மண்டிக்குப் போய் வந்ததும் மறுபடி கறுத்துவிட்டது. ஆனால் அம்மா சிரித்துக்கொண்டே, இன்னொரு பழம் நறுக்கச் சொன்னாள்.

இப்போது மையைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கடிதம் நம் பம்புத் தண்ணீரில் ஆணியும் கடுக்காயும் போட்டு நானே காய்ச்சிய மையில் எழுதியது. எழுதும்போது வெளிறித்தான் இருக்கிறது. காற்றுப் படப் படக் கறுக்கும் என்று நீதான் அந்தப் புத்தகத்திலிருந்து எழுதினாய். முதல் பக்கம் இப்போதே கறுக்கத் தொடங்கிவிட்டது. சிதம்பரம் வந்து சேரும்போது நன்றாகத் தெரியும், பார்.

குஞ்சம்மாளுக்கு எங்கள் எல்லாருடைய நன்றியையும் சொல். பொங்கலுக்கு அவளையும் அழைத்து வா. கரும்பு அப்பா கொண்டுவருவார். நீ என்ன எடுத்து வரவேண்டும் என்று அம்மா கேட்கச் சொன்னாள், நான் யோசித்துப் பார்த்தேன். மாற்றுத் துணி ஒரு பையில் போதும். பெட்டி விடுதியிலேயே இருக்கட்டும் அக்கா. நீ திரும்பிப் போகும்போது இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகச் சிரமமாக இருக்கும். அடுத்த கேள்வியை வேறு தயாராக வைத்திருக்கிறேன்.

அய்யனார் துணை இருப்பார். நீ நன்றாக இரு, நிறையப் படி.

இப்படிக்கு,
நீ திறந்த இழுப்பறைகளைத் தானும் ஒருநாள் திறக்க வரப்போகும்
உன் தங்கை
அமிர்தம்